புது லேப்டாப்புக்கு வயசானது எப்படி?

அத்தியாயம் நான்கு

தாட்சாயிணி துப்பறியும் நிலையத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைத்தான். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, முதல் மாடியில், ஒரு டியூஷன் சென்டர் காலி செய்துவிட்டுப் போன அறை அது. சுவரில் எழுதிய வாய்ப்பாட்டையும் நாலு பெஞ்சுகளையும் அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். பெஞ்சுகள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் அளவுக்கு அடித்தவை. எப்பேர்ப்பட்ட ஆளும் அதில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையைத் தொடும். அந்த நிலையில் மனிதனுக்குப் பொய் சொல்ல வராது. இது தன்னுடைய விசாரணை முறை என்று தாட்சாயிணி சொல்லிக்கொள்வாள். வேறு பெஞ்சு வாங்க வக்கில்லை என்பது அவளுடைய உதவியாளன் கோபியின் கட்சி.

அன்று விஜயதசமி. பகல் மணி ஒன்று ஐந்து. பூஜைப் பொரியிலிருந்து பொட்டுக்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தான் கோபி. அப்போதுதான் யுவராணி படியேறி வந்தாள். இருபத்து நாலு வயசு. மணிக்கட்டு முழுக்க இரும்புத் துகள் சுட்ட சின்னச் சின்னப் புள்ளிகள். பெஞ்சைக் காட்டியும் உட்காராமல், மார்போடு அணைத்துக்கொண்டு வந்த லேப்டாப்பை மேஜைமேல் வைத்தாள். அதன் மூடியில் மூன்று சந்தனப் பொட்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம்.

"வளைகாப்பா?" என்றான் கோபி.

"லேப்டாப்பு பழசாயிடுச்சி சார்."

"எல்லாருக்கும் ஆவறதுதான். எப்ப வாங்கினது?"

"பதினேழு நாள் ஆவுது. வாங்கறப்போ பதினொன்னு இருந்துச்சி. இன்னிக்குக் காலைல தொறந்தா பத்துதான் கீது."

கோபி தன்னையறியாமல் வாய்ப்பாட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"விண்டோஸு சார்," என்றாள் யுவராணி.

விஷயம் இதுதான். விண்டோஸ் பதினொன்றோடு வந்த புத்தம் புது லேப்டாப்பிலிருந்து யாரோ அதை வழித்தெடுத்துவிட்டு, அதற்கு முந்தைய பத்தை ஏற்றியிருக்கிறார்கள். அப்படி ஏற்றும்போது உள்ளே இருந்தது அத்தனையும் துடைத்துக்கொண்டு போய்விடும். காலையில் யுவராணி திறந்தபோது பின் நம்பர் கேட்கவில்லை. அவள் வைத்திருந்த ஃபோல்டர் ஒன்றுகூட இல்லை.

"நகை போச்சுன்னு வந்திருக்காங்க, புருஷன் போயிட்டான்னு வந்திருக்காங்க," என்றான் கோபி. "நம்பர்ல ஒன்னு கொறஞ்சி போச்சுன்னு வர்ற மொத ஆளு நீதாம்மா."

"கோபி, பொரி தின்னு," என்றாள் தாட்சாயிணி. பிறகு யுவராணியைப் பார்த்தாள். "உள்ள என்ன இருந்துச்சு?"

யுவராணி அம்பத்தூர் எஸ்டேட்டில் டிரில்லிங் மெஷினில் வேலை பார்க்கிறாள். மூன்று வருஷமாக, எட்டு மணி நேரம், நின்றபடி. இப்போது ஒரு கிரைண்டர் கம்பெனியில் டிசைன் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். கிரைண்டரோடு சேர்ந்து சுற்றுகிற மாதிரி ஒரு தேங்காய் துருவியை வரைந்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது ராத்திரி உட்கார்ந்து வரைந்திருக்கிறாள். அனுப்பக் கடைசி நேரம் இன்றைக்கு மதியம் மூன்று மணி.

"அது உக்காந்து பாக்கற வேலை மேடம்," என்றாள். "ரோலிங் சேரு." அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஃபோன்ல ஒரு காப்பி போட்டு வெக்கறதுக்கு என்ன?" என்றான் கோபி.

"எடம் எங்க சார் கீது. ஃபேமிலி குரூப்புல தெனம் பதினாலு பேரு காலை வணக்கம் போடறாங்க. செவ்வாக்கெழம ராத்திரி ஒம்போது மணிக்குத்தான் வரைஞ்சி முடிச்சேன். காலைல ஒரு வாட்டி பாத்துட்டு அனுப்பிக்கலாம்னு படுத்தேன். காலைல ஆயுத பூஜ."

யுவராணியின் அம்மா வேம்புலியம்மாள் ஆயுத பூஜை விஷயத்தில் ராணுவம் மாதிரி. பூஜையில் வைத்த பொருளை மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது. அருவாமனைக்கும் லீவு என்பதால் அன்றைக்கு வீட்டில் சமையல் கிடையாது, ஓட்டல் சாப்பாடுதான். போன வருஷம் நகவெட்டியையும் சேர்த்து வைத்துவிட்டதாக யுவராணி சொன்னாள்.

"அப்ப புதன்கிழமை முழுக்க லேப்டாப்பு சாமி முன்னாடி. யாரும் தொடலை," என்றாள் தாட்சாயிணி.

"தொட்டா அம்மா கைய ஒடச்சிடும்."

"வீட்டுல தம்பி கிம்பி?" என்றான் கோபி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அவன் பார்த்தவரை லேப்டாப் சம்பந்தப்பட்ட குற்றங்களில் தொண்ணூறு சதவீதம் தம்பிகள் செய்தவை.

"விஜய்யா? அவன் புது அப்டேட்டு வந்தா அன்னிக்குப் பூரா சோறு தின்ன மாட்டான். பின்னாடி போறதுன்னா அவனுக்கு ஆவாது. பைக்கக்கூட ரிவர்ஸுல தள்ளமாட்டான், சுத்தினு வந்துதான் எடுப்பான்."

தாட்சாயிணி மேஜை டிராயரைத் திறந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தாள். இந்தத் தொழிலுக்கு வருமுன் பதினாலு வருஷம் ஒரு பேரிங் கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருந்தவள் அவள். கையில் எதைக் கொடுத்தாலும் அதில் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். கோபியை வேலைக்கு எடுத்த அன்று அவனிடம் பதினொரு குறைகளைக் கண்டுபிடித்து, அதில் எட்டைச் சகித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தாள்.

லேப்டாப்பைத் திருப்பினாள், கவிழ்த்தாள், பக்கவாட்டைப் பார்த்தாள். பென்டிரைவ் செருகுகிற ஓட்டையருகே கண்ணாடி நின்றது.

"உள்ள குங்குமம் இருக்கு."

"அதான் ஒடம்பு பூரா பொட்டு வெச்சிகீதே அம்மா," என்றாள் யுவராணி.

"மூடிமேல வெச்சா பொட்டு. இம்மாந்துண்டு ஓட்டைக்குள்ள எந்த விரல் போய் வெக்கும்? இது வெச்ச குங்குமம் இல்லை, உரசின குங்குமம். பொட்டு வெச்ச ஏதோ ஒன்னு உள்ள போயிட்டு வந்திருக்கு."

"பொட்டு வெச்ச பென்டிரைவா?" என்றான் கோபி.

"பொட்டு வெச்ச பென்டிரைவ்தான். பழைய விண்டோஸை அதுல வெச்சுத்தான் ஏத்துவாங்க. பென்டிரைவ் ஒருத்தனுக்கு ஆயுதம்னா, அவன் அதுலயே பொழைக்கிறவன். கடை வெச்சிருக்கிற ஆள்." அவள் கண்ணாடியைத் துடைத்தாள். "அதுல நமக்கு ஒரு லாபம் இருக்கு. தொழில் தெரிஞ்சவன் அழிக்கறதுக்கு முன்னால எல்லாத்தையும் காப்பி எடுத்து வெச்சுக்குவான், கஸ்டமர் திரும்பி வந்து கத்துவான்னு அவனுக்குத் தெரியும். ஆள் கிடைச்சா படமும் கிடைக்கும்."

"சென்னையில கம்ப்யூட்டர் கடை எத்தினி இருக்கும் மேடம்?"

"அதை லேப்டாப்பே சொல்லும்." அவள் எந்தெந்த ஒய்-ஃபையில் அது சேர்ந்திருந்தது என்ற பட்டியலைத் திறந்தாள். ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. தாட்சாயிணி அதை இரண்டு முறை வாசித்தாள். பிறகு திரையைக் கோபி பக்கம் திருப்பினாள்.

'ரெண்டு இட்லி வாங்கினாதான் பாஸ்வேர்ட்.'

கோபியின் முகத்தில் ஒரு பக்தி பரவியது. "மங்களம் யக்கா மெஸ்ஸு. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பின்னாடி சந்துல. கெட்டிச் சட்னி. மேடம், இந்தக் கேஸுக்காகத்தான் நான் இத்தினி வருஷம் ஊர் ஊரா தின்னுகினு இருந்திருக்கேன்."

மணி ஒன்று முப்பத்தைந்து.

யுவராணி தன் ஸ்கூட்டியில் முன்னால் போக, தாட்சாயிணியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு போனான் கோபி. வானகரம் ரோட்டில் ஒரு லாரி இன்னொரு லாரிக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தது. டிரங்க் ரோட்டுக்கு வந்தால் மெட்ரோ வேலைக்காகப் போட்டிருந்த தடுப்புகளுக்கு நடுவே ஊரே ஒற்றை வரிசையில் நகர்ந்தது. சிக்னலில் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், மடியில் சந்தனம் குங்குமத்தோடு இருந்த கறுப்புப் பலகையைப் பார்த்துவிட்டு எதற்கும் இருக்கட்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோபி கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தான்.

மங்களம் மெஸ்ஸுக்குள் நுழைந்தபோது மணி இரண்டு இருபத்தெட்டு. நாலு மேஜை. கல்லாவில் மங்களம், ஐம்பது வயசு, கையில் கரண்டி. ஊரில் எந்த மெஸ்ஸிலும் மதியம் இரண்டரைக்கு இட்லி கிடைக்காது. இங்கே எப்போதும் கிடைக்கும், பாஸ்வேர்டுக்காக.

"வா மாமே," என்றாள் கோபியைப் பார்த்து. "ரெண்டா?"

"ஆறு," என்றான் கோபி. "விசாரணைக்கு வந்திருக்கோம் யக்கா."

தாட்சாயிணி லேப்டாப்பைக் காட்டினாள். "இது உங்க ஒய்-ஃபையில சேர்ந்திருக்கு. இங்க யாராவது கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவங்க சாப்பிட வருவாங்களா?"

"பக்கத்துக் கடதான். ரசாக் பாய். அவருக்கு எதுக்கும்மா நெட்டு, காலைல ரெண்டு இட்லி வாங்குவாரு, நாள் பூரா என்னுதுலதான் ஓட்டுவாரு."

"பாயா?" என்றான் கோபி. கையிலிருந்த இட்லி பாதி வழியில் நின்றது. "மேடம், உங்க பொட்டுத் தியரி இங்கயே படுத்துக்கிச்சி."

"பொட்டா?" என்றாள் மங்களம். "அது நான் வெச்சது. பாய் கடைக்கும் சேத்து வருஷா வருஷம் நான்தான் பூஜ போடறேன். அவரு பொரி வாங்கியாருவாரு, சுண்டல் வாங்கியாருவாரு, ஓரமா நிப்பாரு. இந்த வாட்டி கிண்ணத்துல குங்குமம் மீந்துபோச்சி. வேஸ்ட் பண்ண மனசு வரல. கண்ணுல பட்டதுக்கெல்லாம் வெச்சேன். ஸ்குரூ டிரைவரு, மவுஸு, அந்தச் சின்ன சின்னக் குச்சி மாரி கீதே, அதுக்கு."

"பென்டிரைவ்," என்றாள் தாட்சாயிணி மெதுவாக. "புதன்கிழமைதானே பூஜை போட்டீங்க?"

"புதன்கெழம கடை லீவும்மா. நாங்க செவ்வாக்கெழம சாயங்காலமே போட்டுட்டோம். அஞ்சு மணிக்கு. அது முடிஞ்ச கையோட ஒருத்தரு ஒரு லேப்டாப்பு எடுத்தாந்து, பாயி ஆறு ஆறரைக்கெல்லாம் அந்தக் குச்சியச் சொருகி மாத்திக் குடுத்தாரு. பூஜ போட்ட மொத போணின்னு சந்தோசமா பண்ணாரு."

யுவராணி இட்லித் தட்டைத் தள்ளினாள். "அது எப்படி? செவ்வாக்கெழம ஆறு மணிக்கு நான் அதுலதான் வரைஞ்சிகினு இருந்தேன். ஒம்போது மணி வரைக்கும். எங்க ஊட்ல. அம்பத்தூருல."

"ஒரே நேரத்துல ரெண்டு ஊர்ல இருந்த லேப்டாப்பு," என்றான் கோபி. "மூடியில வெச்ச பொட்டு சக்தி வாய்ந்தது."

தாட்சாயிணி கோபியைப் பார்க்கவில்லை. சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபிக்கு அந்தப் பார்வை தெரியும். பேரிங்கில் விரிசல் கண்ட பார்வை.

"யுவராணி. பூஜை முடிஞ்சு இன்னிக்குக் காலைல லேப்டாப்பை சாமிகிட்டேருந்து யார் எடுத்தது?"

"அம்மாதான். நான் தூங்கிகினு இருந்தேன். எழுந்து பாத்தா என் பையில கீது."

"அம்மாவுக்கு ஃபோன் போடு. ஸ்பீக்கர்ல."

வேம்புலியம்மாள் முதல் ரிங்கிலேயே எடுத்தாள். பின்னணியில் அருவாமனை வேலைக்குத் திரும்பியிருந்த சத்தம் கேட்டது.

"அம்மா, பூஜைல எத்தினி லேப்டாப்பு வெச்ச?"

"ரெண்டு."



"ரெண்டா? இன்னொன்னு யாருது?"

"ஒன் மாமன்து. லோகநாதன் பூஜைக்கு வந்தப்போ எடுத்தாந்தான். அவன் பையிலேர்ந்து எடுத்து, ஒன்னுத ஒன் பையிலேர்ந்து எடுத்து, ஒன்னு மேல ஒன்னா அடுக்கிப் பூ போட்டு மறைச்சிட்டேன். காலைல ஆளுக்கு ஒன்னு பையில போட்டேன். அவன் மொத வண்டிக்குப் போறேன்னு அவசரப்படுத்தினான்."

"மாமா கைல லேப்டாப்பு ஏது? நான் வாங்கினப்போ இதெல்லாம் வேஸ்ட்டுன்னு ஒரு மணி நேரம் திட்டினாரே."

"திட்டிட்டு நேரா அதே கடைக்குப் போயி அதே மாரி ஒன்னு வாங்கிகினான். ஒன்னாண்ட சொல்லாதன்னான்."

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்குமேம்மா, எது யாருதுன்னு எப்படி பாத்துப் போட்ட?"

"ரெண்டும் கறுப்புதான். சாமிக்குத் தெரியாதா எது யாருதுன்னு," என்றாள் வேம்புலியம்மாள். வெண்டைக்காய் கருகும் என்று ஃபோனை வைத்துவிட்டாள்.

தாட்சாயிணி லேப்டாப்பை மூடினாள். "உன் லேப்டாப்பை யாரும் பழசாக்கலை, யுவராணி. இது உன்னோடதே இல்லை. உங்க மாமாவோடது. அவர் தன் லேப்டாப்பைத் தானே காசு குடுத்து மாத்தியிருக்கார். உன்னோடது அவர்கிட்ட பத்திரமா, பதினொன்னாவேதான் இருக்கு."

யுவராணி தள்ளி வைத்த இட்லித் தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். கோபி அடுத்த இட்லியை எடுத்தான். கேஸ் முடிந்த மாதிரிதான் இருந்தது. அப்போது மங்களம் சட்னி வாளியோடு வந்தாள்.

"மாமான்னா, நெத்தி நெறைய விபூதி, கழுத்துல ஒரு காம்பஸ் தொங்கும், அவரா?"

"ஆமா. வாஸ்து பாப்பாரு. வேப்பம்பட்டுல மனை விக்கிறாரு. மாங்காட்டுல ஊடு."

"அவரு பதினோரு மணியிலேர்ந்து பாயி கடையிலதாம்மா குந்திகினு கீறாரு. நீ போட்டது ஒரே நாள்ல பழையபடி மாறிப்போச்சி, நம்பர் வேற கேக்குது, மறுபடி அழிச்சிப் போடுன்னு ஒரே சத்தம். பாயிக்குக் கைல வேல இருந்துச்சி, ஒன்னரைக்குத்தான் ஃப்ரீ ஆனாரு. ஒன்னரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சி. மூணு மணிக்கு டாண்ணு பட்டன அமுக்கணும்னு வெயிட் பண்றாங்க."

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு நாற்பத்தொன்று.

துப்பறியும் வாழ்க்கையில் கோபி துரத்திய ஆட்கள் உண்டு, அவனைத் துரத்திய நாய்கள் உண்டு. பக்கத்துக் கடைக்கு ஓடியது அதுவே முதல் தடவை. பதினோரு அடி தூரம். அதிலும் ஒரு செருப்பை விட்டுவிட்டான்.

ரசாக் பாய் கடை எட்டுக்கு ஆறு. அப்துல் ரசாக்கின் நெற்றியைத் தவிர அங்கே பொட்டில்லாத பொருள் கிடையாது. சோல்டரிங் கம்பிக்குப் பொட்டு. டேபிள் ஃபேனுக்குப் பொட்டு. மேஜையில் திறந்து கிடந்த லேப்டாப்பின் விலாவில் செருகியிருந்த பென்டிரைவுக்கும் பொட்டு. திரையில் நீலக் கட்டம். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தது. ரசாக் பாயின் விரல் மவுஸ்மேல் இருந்தது. லோகநாதனின் கண் கடிகாரத்தில் இருந்தது.

"கையை எடுங்க பாய்," என்றாள் தாட்சாயிணி.

"மூணு மணிக்குத்தாம்மா அமுக்குவேன்," என்றார் ரசாக் பாய் சலிப்பாக. "ரெண்டு நாள் முன்ன போட்டுக் குடுத்தேன். என் பென்டிரைவ் போட்டு இருவது வருஷத்துல ஒன்னுகூடத் திரும்பினது இல்ல. நேத்து ஒரே நாள்ல தானா புதுசா மாறிப்போச்சின்றாரு. எனக்கே அசிங்கமா கீது."

"அது நீங்க போட்டுக் குடுத்ததும் இல்ல, அவருதும் இல்ல. இவளோடது."

லோகநாதன் அப்போதுதான் திரும்பினார். யுவராணியைப் பார்த்ததும் லேப்டாப்புக்குக் குறுக்கே துண்டைப் போட்டு மூடப் பார்த்தார். "யுவா? நீ இன்னா இங்க?"

"வேஸ்ட்டுன்னு சொன்னியே மாமா."

"வேஸ்ட்டுதான். அத வாங்கிப் பாத்தாதானே உறுதியா சொல்ல முடியும்?" அவர் துண்டைச் சரிசெய்தார். "இது என்னுது. என் பையிலேர்ந்து நான் எடுத்தேன்."

"சரி, நம்பர் சொல்லு."

"நான் நம்பரே வெக்கலியே. அதனாலதான் அழிக்கச் சொல்றேன்."

"நான் வெச்சிகீறேன்."

ரசாக் பாய் நிலைமையைப் புரிந்துகொண்டு பென்டிரைவைப் பிடுங்கினார். லேப்டாப் அணைந்து மறுபடி கண் விழிக்க ஒரு நிமிஷம் எடுத்தது. அந்த ஒரு நிமிஷத்தில் கோபி தன் செருப்பை எடுத்துக்கொண்டு வந்தான். யுவராணி நின்றபடியே குனிந்து ஆறு எண்களைத் தட்டினாள். திரை திறந்தது. நடுவில் ஒரு ஃபோல்டர். ஃபோல்டருக்குள் தேங்காய் துருவி, மேலிருந்து, பக்கத்திலிருந்து, பிரித்து, சேர்த்து, பல்லுக்குப் பல் அளவு போட்டு, அப்படியே இருந்தது.

மணி இரண்டு ஐம்பத்திரண்டு. தாட்சாயிணி தன் ஃபோனிலிருந்து நெட் கொடுத்தாள். ஃபைல் ஏறத் தொடங்கியது. ஒன்பது ராத்திரிப் படம், சீக்கிரம் ஏறுவேனா என்றது.

"அதெல்லாம் சரி அண்ணாத்தே," என்றான் கோபி. "ஊரே புதுசுக்கு மாறுது, நீங்க எதுக்குப் புது லேப்டாப்புக்குக் காசு குடுத்துப் பழசு போட்டீங்க?"

லோகநாதன் இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் மாதிரி நிமிர்ந்தார். காம்பஸைத் திரைமேல் வைத்தார். "ஸ்கிரீன ஒரு மனையா நெனச்சிக்கோ. மேல வடக்கு, கீழ தெக்கு. எடது பக்கம் கீழ் மூல இன்னா? கன்னி மூல. ஊட்டுக்காரன் குந்தற எடம். பழசுல ஸ்டார்ட்டு பட்டனு அங்கதான் இருந்துச்சி. வாஸ்து தெரிஞ்சவன் வெச்சது. இதுல இன்னா பண்ணிகீறான் பாரு. அத எடுத்தாந்து நேரா தெக்கால நடுவுல வெச்சிகீறான். எமன் தெச. அங்கேர்ந்து ஸ்டார்ட்டு பண்ணா எங்க போய் முடியும்? வாங்கின ரெண்டு வாரத்துல வேப்பம்பட்டுல ஒரு மனகூடப் போவல."

"மனைக்குப் போறதுக்கு ரோடு இல்லாதது காரணமா இருக்காதா?"

"ரோடு இல்லாம அஞ்சு வருஷமா வித்துகினுதான் கீறேன். பட்டனு நகந்ததுக்கு அப்புறம்தான் நின்னுச்சி."

யுவராணி ஏறிக்கொண்டிருந்த ஃபைலைப் பார்த்தபடியே மவுஸை நகர்த்தினாள். கீழே ஒரு க்ளிக், ஒரு பட்டியல், 'இடது' என்பதில் இன்னொரு க்ளிக். ஸ்டார்ட் பட்டன் தெற்கிலிருந்து கிளம்பி, கூட இருந்த மற்ற சின்னங்களையும் கூட்டிக்கொண்டு, கன்னி மூலையில் போய் உட்கார்ந்தது. மொத்தம் எட்டு விநாடி.



லோகநாதன் காம்பஸை எடுத்துத் தட்டிப் பார்த்தார். பிறகு ரசாக் பாயைப் பார்த்தார். "பாய். இது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"செவ்வாக்கெழம ஏன் சொல்லல?"

"பட்டன நகத்தணும்னு நீ எப்ப நைனா கேட்ட? பழசு போடுன்ன. போட்டேன். ஓட்டல்ல வந்து தோச கேக்கறவனாண்ட, ஒனக்கு எதுக்கு பசிக்குதுன்னு நான் கேக்க முடியுமா?"

மணி இரண்டு ஐம்பத்தேழு. ஃபைல் ஏறி முடிந்தது. யுவராணியின் விரல் அனுப்புகிற பட்டனுக்குப் போனது. லோகநாதன் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தார்.

"யுவா, இரும்மா. மூணு நிமிஷம். ராகு காலம் முடிஞ்சிடும்."

"மூணு மணியோட மூடிடுவாங்க மாமா."

"நல்ல காரியத்த இந்த நேரத்துல ஆரம்பிக்கக் கூடாதும்மா. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." அவர் சொன்னது நிஜம்தான். கண்ணில் தெரிந்தது. மனை விற்கிறவர் முகம் இல்லை அது, மாமன் முகம்.

யுவராணி அவர் கையை மெல்ல எடுத்துவிட்டாள். "மூணு வருஷமா நல்ல நேரம் பாத்துதான் ஷிப்ட்டுக்குப் போறேன் மாமா. நின்னுகினுதான் கீறேன்."

அமுக்கினாள். போய்விட்டது.

ஆறு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறாவது ஆள் மங்களம். சட்னி வாளியோடு எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. தாட்சாயிணி அந்த இடைவெளியில் மாமாவின் லேப்டாப்பை அவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினாள். லோகநாதன் அதைத் திறந்தார். பத்து. பட்டன் கன்னி மூலையில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது அவருக்குப் பதினொன்று வேண்டும் போலிருந்தது. அக்காள் மகளிடம் இருப்பது தன்னிடம் இல்லை என்றால் அவருக்குத் தூக்கம் வராது. ரசாக் பாய் ஒன்றும் கேட்காமல் இன்னொரு பென்டிரைவைத் தேடி எடுத்தார். அதிலும் பொட்டு இருந்தது.

மூன்று ஆறுக்கு யுவராணியின் லேப்டாப் சின்னதாக ஒரு சத்தம் போட்டது. நேரத்துக்குள் அனுப்பிய எல்லோருக்கும் போகிற பதில்தான். 'தங்கள் வரைபடம் கிடைத்தது. திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு நேர்முகத் தேர்வுக்கு வரவும்.'

கோபி முதலில் கைதட்டினான். மங்களம் வாளியைக் கீழே வைத்துவிட்டு யுவராணிக்குத் திருஷ்டி கழித்தாள். லோகநாதன் மட்டும் உதடு அசைய விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஞாயிறு, திங்கள், பத்தரை, பன்னிரண்டு. எண்ணி முடித்ததும் முகம் தொங்கிப்போனது.

"அண்ணே, வேணாம்," என்றாள் தாட்சாயிணி.

அவரால் முடியவில்லை. "திங்கக்கெழம பதினோரு மணி எமகண்டம்மா யுவா."

"இருக்கட்டும் மாமா," என்றாள் யுவராணி, லேப்டாப்பைப் பையில் வைத்தபடி. "இன்டர்வியூவுல உக்கார வெச்சிதான் பேசுவாங்க."